யூபோர்பியா மிலி: அடித்தண்டு மெத்தென்று ஆகிவிட்டது

பச்சைத்தொட்டி:
வணக்கம். தொட்டியில் இருக்கும் யூபோர்பியா மிலி என்ற முள் கள்ளிச் செடியின் இலைகள் கீழிருந்து மஞ்சளாகி உதிர்கின்றன. நுனியில் சிவப்புப் பூக்கள் மட்டும் வாடாமல் நிற்கின்றன. மண்ணை ஒட்டிய தண்டை அழுத்தினால் உள்வாங்குகிறது. தேங்காய்நார்க் கழிவு அதிகம் கலந்த மண். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். உரம் போட்டால் தேறுமா?

முள்வேலி:
உரப் பையைத் தொடவே வேண்டாம். இலை மட்டும் உதிர்ந்தால் நான் கவலைப்பட மாட்டேன். வெயில் குறைந்தாலும் மண் வறண்டாலும் இந்தச் செடி இலையைக் கழித்துவிட்டுப் பிறகு துளிர்க்கும். தண்டு மெத்தென்று ஆவதுதான் வினை. அது அழுகல். நார்க்கழிவு மேலே காய்ந்ததுபோல் காட்டிக்கொண்டு அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மடகாஸ்கரில் பிறந்த இந்தச் செடி தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும்; அதற்கு அத்தனை ஈரம் ஆகாது.

பூ வாடவில்லையே என்று நம்பியிருக்கவும் வேண்டாம். சிவப்பாகத் தெரிபவை இதழ்களே அல்ல, பூவடிச் செதில்கள்; அதாவது பூவை ஒட்டி நிற்கும் நிறமேறிய இலைகள். அவை எளிதில் வாடுவதில்லை.

அடி போனது போனதுதான், நுனியைக் காப்பாற்றலாம். மெத்தென்ற இடத்துக்கு மேலே கூரிய கத்தியால் வெட்டுங்கள். நல்ல தண்டாக இருந்தால் வெட்டியவுடன் வெள்ளைவெளேரென்று பால் பொங்கும். பால் வராமல் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் ஒரு விரற்கடை மேலே வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயைத் தண்ணீரில் நனைத்தால் பால் நிற்கும். ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து இறுகிய பின் பாதிக்குப் பாதி பருமணல் கலந்த மண்ணில் நடுங்கள்.

நிலாமுற்றம்:
கத்தியை எடுக்குமுன் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். கள்ளிப்பால் கருவிழியையே புண்ணாக்கிவிடும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீருக்கு அது போகாது.

பச்சைத்தொட்டி:
இருவருக்கும் நன்றி. மேல்கிளைகளில் பால் வந்தது; காயப்போட்டிருக்கிறேன். நட்ட பின் எப்போது தண்ணீர் விடுவது?

முள்வேலி:
நான்கைந்து நாள் கழித்து, லேசாக. பிறகு விரலைச் செருகிப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும். ரோஜாக் குச்சிக்குச் செய்வதுபோல் பிளாஸ்டிக் பையால் மூடிவிடாதீர்கள், மறுபடி அழுகும். துளிர் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நேர் வெயிலுக்குப் பழக்குங்கள். அந்தப் பழைய மண்ணை வேறு கள்ளித் தொட்டியில் மட்டும் கொட்ட வேண்டாம்.