இசுசு டி-மேக்ஸ் பிக்கப்புக்கு முன்பக்க பால் ஜாயிண்ட்: எது வாங்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவி செய்யுங்கள்.

எங்களுடையது இசுசு டி-மேக்ஸ் சிங்கிள் கேப். 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பாலக்கோட்டு தக்காளி மண்டிக்கு லோடு அடிக்கிற வண்டி, பாதி நேரம் மண் ரோடுதான். ஒரு மாதமாகப் பள்ளத்தில் இறங்கினால் இடது முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். போன வாரம் லோயர் ஆர்முக்கு (சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ்க் கை) அடியில் ஜாக்கி வைத்து, டயரைத் தூக்கி, கீழே கடப்பாறையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். லோயர் பால் ஜாயிண்டில் (அந்தக் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற குண்டு மூட்டு) ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது. ரப்பர் கவரும் கிழிந்து கிரீஸ் காய்ந்துபோய் இருக்கிறது. மேலே இருக்கிற அப்பர் ஜாயிண்ட் இப்போதைக்குப் பரவாயில்லை.

இந்த வண்டியில் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்கார்வதால் முன்பக்கச் சுமை முழுக்க லோயர் ஜாயிண்டில்தான் இறங்குகிறது. அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். ஓட்டுவது என் தம்பி. அதனால் வண்டியை நிறுத்திவிட்டேன்.

மெக்கானிக் இடது பக்கம் மட்டும் போதும் என்கிறார். இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. உங்கள் அனுபவம் என்ன? கம்பெனி ஜாயிண்டே வாங்கலாமா, வெளி மார்க்கெட்டில் லோடுக்குத் தாங்குவது உண்டா? ஜாயிண்ட் மட்டும் தனியாகக் கிடைக்குமா, ஆர்மோடு சேர்த்துத்தான் வாங்கவேண்டுமா? அப்புறம், மாற்றிய பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்க தருமபுரி, சேலம் பக்கம் நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள்.

மாற்றி ஒரு வருடமாவது லோடு அடித்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.