நொய்யலில் எதைச் சோதிப்பது? ஐந்து போதுமா?

நொய்யல்கரை எழுதியது:
வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலில் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு நீர் மாதிரி எடுக்கத் தன்னார்வலர்கள் சிலர் திட்டமிட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் சோதிக்கக் கையில் பணம் இல்லை. ஆகவே மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), பிஎச் (அமில, காரத் தன்மை), கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, கோலிபார்ம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) ஆகிய ஐந்தை மட்டும் வாரந்தோறும் பார்க்கலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

ஆய்வகவாசி எழுதியது:
மறுக்கிறேன். இந்த ஐந்தும் ஆற்றுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லுமே தவிர, என்ன நோய் என்று சொல்லாது. கோவையில் மின்முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றின் கழிவில் குரோமியமும் நிக்கலும் வரக்கூடும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும் நீரில், அந்த அளவைப் போல் பத்து மடங்கு குரோமியம் கலந்தாலும் மின்கடத்துமானியில் அது தனித்துத் தெரியப்போவதில்லை. சாயங்களின் கதையும் இதுதான். துணிக்கு நிறமேற்றும் அசோ வகைச் சாயங்கள் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சிதைந்து அரோமாட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களாக மாறும்போது நிறம் போய்விடும்; ஆனால் அந்த அமீன்களில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. நிறம் தெளிந்துவிட்டது என்று நாம் மகிழும் இடத்தில்தான் நஞ்சு பிறந்திருக்கும்.

நொய்யல்கரை எழுதியது:
நீங்கள் சொல்லும் வேதியியலை நான் மறுக்கவில்லை. உலோகமும் அமீனும் சோதிக்க ஆகும் செலவில் மாதம் ஒரு மாதிரிதான் எடுக்க முடியும் என்பதே என் கவலை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குத்தான் பொருந்தும். இரவில் திறந்துவிடும் கழிவு விடிவதற்குள் எங்கள் பாலத்தைக் கடந்துவிடுகிறது. மாதம் ஒரு நாள் பகல் பத்து மணிக்குக் குப்பியோடு நிற்பவருக்கு அது கிடைக்காது. மின்கடத்துமானி என்றால் ஒருவர் ஒரே இரவில் ஐந்து முறை நீரில் தோய்த்துப் பார்க்கலாம். எண் திடீரென்று ஏறினால் அந்த நேரத்திலேயே மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

ஒரத்துப்பாளையம் விவசாயி எழுதியது:
தம்பிகள் இருவருமே தண்ணீரை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே 1992இல் திறந்த எங்கள் ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் நிலைமை மாறாமல், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. அந்த ஆண்டுகளில் என் வரப்பு ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தென்னையின் கீழ்மட்டைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன. சாயம் ஏற்றப் போடும் உப்பு மட்குவதில்லை. சாதாரணச் சுத்திகரிப்பில் அது நீங்குவதும் இல்லை. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி எடுத்தால்தான் உண்டு. பாசன நீருக்கு மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிடும்போது சோடியம் மிகுந்தால் களிமண் கலைந்து, காய்ந்தபின் ஓடுபோல் இறுகிவிடும். ஊற்றிய நீர் மேலேயே நிற்கும். ஒரே மின்கடத்துதிறன் உள்ள இரண்டு நீரில் ஒன்று நிலத்தை வாழவைக்கும், மற்றொன்று கெடுக்கும். இந்த மூன்றையும் சேர்க்காத பட்டியல் விவசாயிக்கு உதவாது.

ஆய்வகவாசி எழுதியது:
ஐயா சொல்வது முழுக்கச் சரி. அந்த மூன்றும் அதிகச் செலவு வைக்காத சோதனைகள்தான். நொய்யல்கரை நண்பருக்கு ஒன்று சொல்கிறேன்: உலோகத்தை ஓடும் நீரில் துரத்த வேண்டியதில்லை. அது பெரும்பாலும் வண்டலில் ஒட்டிப் படியும். தடுப்பணைகளுக்குப் பின்னால் தேங்கிய சேற்றை ஆண்டுக்கு இருமுறை எடுத்துச் சோதித்தால், உங்கள் கண்ணில் படாத இரவுகளும் அதில் பதிந்திருக்கும். அதேபோல் கரைந்த ஆக்சிஜனை நடுப்பகலில் அளக்காதீர்கள். பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிட்டு ஆற்றை நலமாகக் காட்டிவிடும், விடியுமுன் அளந்தால் உண்மை தெரியும். அமீனை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சோதிக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் அறிக்கையில் ஒரே வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும். நாளை அதைக் காட்டி ஆறு தூய்மை என்று ஒருவர் வாதிடுவார்.

நொய்யல்கரை எழுதியது:
வண்டல் யோசனையையும் விடியற்கால யோசனையையும் ஏற்கிறேன். சோடியம், கால்சியம், மக்னீசியம் மாதம் ஒருமுறை சேரும். கோலிபார்மை வாரத்திலிருந்து மாதத்துக்கு மாற்றினால் அதற்கான பணம் கிடைக்கும். கோவைச் சாக்கடை கலப்பதை அம்மோனியாவே வாரந்தோறும் காட்டிக்கொண்டிருக்கும். அமீனில் இன்னும் உடன்பாடு இல்லை. ஆறு இடத்திலும் அதைச் சோதிப்பதென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருக்கும். பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் விட்டு, “சோதிக்கப்படவில்லை” என்று எழுதியே வெளியிடுகிறேன்.

ஆய்வகவாசி எழுதியது:
அப்படி எழுதுவது நேர்மை; ஆனாலும் எனக்கு அது போதாது. திருப்பூருக்குக் கீழே ஒரே ஓர் இடத்தில், கோடையில் நீர் வற்றிச் சேறு கறுத்திருக்கும் காலத்தில், ஒரு மாதிரி எடுங்கள். குப்பியும் செலவும் என்னுடையவை. எந்த வாரம் என்று மட்டும் சொல்லுங்கள்.