வாக்கர் குடும்பப் பேர் தேடல்: 1837-க்கு முன்னாடி போகவே முடியல, உதவுங்க

வீட்டுக்காரர் குடும்பப் பேர் வாக்கர், பூர்வீகம் இங்கிலாந்துல யார்க்‌ஷயர், ஹாலிஃபாக்ஸ். கம்பளித் துணிய தண்ணில நனைச்சு மிதிச்சு இறுக்குற தொழில்லேர்ந்து வந்த பேர், அதே தொழில்காரங்களுக்கு தென்கிழக்குல ஃபுல்லர், தென்மேற்குல டக்கர்னு பேரு, வடக்குல வாக்கர், அதனால அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தா வாக்கர்தான், அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

1851 சென்சஸ்ல மூதாதை வில்லியம் வாக்கர் வயசு 41, பிறந்தது ஹாலிஃபாக்ஸ்னு தெளிவா இருக்கு. 1841-ல பிறந்த ஊரே போடல, அதே கவுண்டியான்னு மட்டும்தான், பெரியவங்க வயசையும் அஞ்சின் மடங்கா குறைச்சு எழுதிட்டாங்க. கல்யாணம் 1837 ஜூலைக்கு முன்னாடி, அரசாங்கப் பதிவு அப்பதான் ஆரம்பிச்சது, அதனால அப்பா பேர் போட்ட சர்டிஃபிகேட்டும் இல்ல. சர்ச் ரெஜிஸ்டர்ல பார்த்தா 1810-லயே ரெண்டு வில்லியம் வாக்கருக்கு ஞானஸ்நானம், அப்பாக்கள் வேற வேற ஆளுங்க. மெதடிஸ்ட்ங்கிற தனி கிறிஸ்தவ சபையோட சேப்பல் ரெஜிஸ்டரும் பார்த்தாச்சு, ஒண்ணும் கிடைக்கல.

இந்த ரெண்டு பேர்ல எங்க ஆள் யாருன்னு பிரிச்சுக் கண்டுபிடிக்க அடுத்து எந்த ரெக்கார்டப் பார்க்கணும்?