‘ரைட் ஆஃப் வே’: ‘வழியுரிமை’ வேண்டாம், ‘கம்பித்தடப் பாத்தியம்’ எப்படி?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். அடுத்தவர் நிலத்தின் மேலே மின்கம்பி கொண்டுபோகும் உரிமையை ஆங்கிலத்தில் ‘ரைட் ஆஃப் வே’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> உயர்மின் கோபுரத் திட்டங்களில் வரும் ‘ரைட் ஆஃப் வே’க்கு ‘வழியுரிமை’ போதும். புழக்கத்தில் இருக்கும் சொல்தானே?

எனக்கு இதில் உடன்பாடில்லை. சாலைச் சந்திப்பில் எந்த வண்டி முதலில் போகலாம் என்பதையும் வழியுரிமை என்றுதான் எழுதுகிறோம். செய்திகளில் வரும் ‘நிலம் கையகப்படுத்தல்’ அதைவிடத் தவறு. கையகப்படுத்தினால் பட்டா மாறும். இங்கே பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும், தலைக்கு மேலே கம்பி போகும். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 10-ஆம் பிரிவும் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தந்தது, நில உரிமையைத் தரவில்லை.

ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் பாதை வந்தபோது கொங்குப் பக்கம் நடந்த போராட்டங்கள் நினைவிருக்கும். அந்தச் சமயம் என் பெரியப்பா தோட்டத்துக்கும் வேறொரு பாதைக்காக அளக்க வந்தார்கள். காய்ப்பில் இருந்த தென்னைகளில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். “நிலம் என்னுது, ஆனா தென்னை வெக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. அப்புறம் என்னுதுன்னு எப்படிச் சொல்றது?” என்று பெரியப்பா கேட்டார். இந்தக் கேள்விக்குள் இருக்கும் நிலைமைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

220 கிலோவோல்ட் கம்பிக்கே 35 மீட்டர் அகலம் ஒதுக்க வேண்டும். 2015-இல் ஒன்றிய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் கோபுர அடிக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் என்றது. 2024-இல் அவை 200, 30 என்று உயர்ந்தன. இரண்டு இடத்துக்கும் இரண்டு விலை என்றால் இரண்டு பெயரும் வேண்டும் இல்லையா?

முதலில் ‘மின்தடம்’ என்று யோசித்தேன். வேகமாகப் படித்தால் ‘மின்தடை’ என்று விழுகிறது, விட்டுவிட்டேன். பிறகு வீட்டிலிருந்த பழைய கிரயப் பத்திரத்தில் ‘மாமூல் வண்டித்தடப் பாத்தியம் உள்பட’ என்ற வரி கண்ணில் பட்டது. அடுத்தவர் நிலம், அதில் நமக்குப் போய்வரும் உரிமை மட்டும். பத்திரம் எழுதுபவர்கள் எப்போதோ இதற்குச் சொல் வைத்துவிட்டார்கள்! எனவே கம்பிக்குக் கீழுள்ள நிலப்பட்டை ‘கம்பித்தடம்’, அதைப் பயன்படுத்தும் உரிமை ‘கம்பித்தடப் பாத்தியம்’. கோபுரம் நிற்கும் இடத்துக்கு ‘கோபுர அடி’யே போதும்.

‘பாத்தியம்’ தமிழ்ச்சொல் அல்ல என்பீர்கள். சரிதான். ஆனால் இழப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறவருக்குப் புரிகிற சொல் அது. ‘உரிமை’ என்றால் நிலமே போனதாக அவர் பயப்படுவார்.

சொல்லோடு முடிகிற விஷயம் இல்லை இது. கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017-இலேயே தயார். சுஸ்வா துணைமின் நிலையம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் போகும் கம்பி 2018 செப்டம்பரில்தான் இணைந்தது. ஒப்பந்ததாரர் நொடித்தது ஒரு காரணம், வழிநெடுக நிலத்துக்காரர்களிடம் இசைவு பெறுவது இழுத்தது இன்னொன்று. அங்கே இந்த உரிமையை ‘வேலீவ்’ (wayleave) என்கிறார்கள். ‘வே’ என்றால் வழி, ‘லீவ்’ என்றால் அனுமதி. நிலத்துக்காரர் தரும் அனுமதி என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இலங்கை நண்பர்களே, உங்கள் ஊர் உறுதிகளில் (பத்திரங்களில்) இதற்கு என்ன எழுதுகிறார்கள்?

அன்புடன்.