மயக்க டாக்டரை நர்ஸுன்னு நினைச்சோம்

டாக்டர்களைக் குறைச்சு எடை போட்டதைப் பத்தி ரெண்டு பேர் சொன்னது.

பாம்பன்ல இருந்து:

போன வருசம் வலையில இருந்து மீன் பிரிக்கும்போது அப்பா பாதத்துல திருக்கை முள் குத்திருச்சு. வெந்நீர்ல காலை வச்சதும் வலி அடங்குச்சு, அதோட விட்டுட்டார். சுகர் உடம்பு. சீழ் கோத்து, ஆபரேஷன் பண்ணித்தான் சுத்தம் பண்ணணும்னு ஆயிருச்சு.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு அம்மா வந்து, படி ஏறினா மூச்சு வாங்குதா, பல் ஏதாவது ஆடுதான்னு கேட்டாங்க. "கால்லதானே தாயி புண்ணு, பல்லை எதுக்குப் பாக்குற?"ன்னார் அப்பா. "முழு மயக்கம் குடுக்க வேண்டி வந்தா தொண்டைக்குள்ள குழாய் விடணும்யா. ஆடுற பல்லு கழண்டு மூச்சுக்குழல்ல விழுந்துறக் கூடாதுல்ல"ன்னாங்க. அப்பவும் அவங்களை நர்ஸுன்னுதான் நினைச்சோம்.

காலையில, வெறும் வயித்தோட எப்படி அனுப்புறதுன்னு அம்மா ஒரு டம்ளர் பால் டீ குடுத்துட்டாங்க. அது தெரிஞ்சதும், முந்தின நாள் வந்தவங்க ஆபரேஷனை 6 மணி நேரம் தள்ளிட்டாங்க. "சர்ஜனே ரெடியா இருக்கார், ஊசி போடுற நீங்க யாரு நிறுத்த?"ன்னு வராண்டாவுல நின்னு கத்தினேன். அவங்க பொறுமையாச் சொன்னாங்க: மயக்கத்துல வயித்துல உள்ளது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரலாம், வெறும் தண்ணின்னா 2 மணி நேரம் போதும், பால் டீ சாப்பாட்டுக் கணக்கு. எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல 3 வருசம் மயக்கவியல் படிச்ச டாக்டர்னு பிறகுதான் தெரிஞ்சது.

இடுப்புக்குக் கீழ மரத்துப் போக முதுகுல ஊசி போட்டதோட அவங்க வேலை முடியல. கடைசி வரைக்கும் தலைமாட்டுல நின்னு பிரஷரையும் துடிப்பையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்கன்னு அப்பா சொன்னார். முடிஞ்சதும் சர்ஜனைச் சுத்தி நின்னு எல்லாரும் கும்பிட்டோம். அந்த நேரம் உள்ளே அவங்க, "கட்டைவிரலை ஆட்டுங்கய்யா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆடல. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சொன்னாங்க. விரல் அசைஞ்ச பிறகுதான் நகர்ந்தாங்க. கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். நன்றி சொல்லல. அது இன்னும் உறுத்துது.

கீழக்கரையில இருந்து:

எங்க வீட்டுல, மேல்படிப்பு இல்லாத டாக்டர்னா "வெறும் எம்.பி.பி.எஸ்."னு மட்டமாத்தான் பேச்சு. வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, ஸ்பெஷலிஸ்ட்கிட்டதான் காட்டணும், நேரா மதுரைக்கே போயிருவோம்னு காக்கா, அதான் எங்க அண்ணன், வண்டியை எடுத்துட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடணும். உம்மாதான் பிடிவாதமா, பக்கத்து ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போகச் சொன்னாங்க. டூட்டி டாக்டர் சின்னப் பையன். உடனே ஈசிஜி எடுத்து, ரத்தக்குழாய் அடைப்புன்னு சொல்லி, ஆஸ்பிரினை மென்னு முழுங்க வச்சு, 108-ஐ வரவழைச்சு, போற ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே போன் பண்ணிட்டார். நாங்க "வெறும்"னு சொன்ன எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருசப் படிப்பு. அந்த ஈசிஜி தாளை வாப்பா இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க. கோடெல்லாம் மங்கிருச்சு, டாக்டர் பேனாவுல எழுதின மணி மட்டும் தெரியுது.