மறுமொழி: சுவரில் ஊரும் பூச்சிக்கு 'உறைப்புழு'

வணக்கம். வீட்டுச் சுவரில் சிறு உறையை இழுத்துக்கொண்டு ஊரும் புழுவுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் பேச்சில் வந்த கேள்வி இது:

> பைப்புழு என்றே வைத்துவிடலாமே, ஏற்கெனவே இருக்கிற சொல்தானே?

ஐயா, அந்தச் சொல்லைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கே விட்டுவிடுவோம். அங்கே ஓலையைத் தின்று பையோடு தொங்கும் மெடிசா பிளானா என்ற பூச்சி வேறு குடும்பம். அதன் பெண்ணுக்குச் சிறகே கிடையாது, பைக்குள்ளேயே இருந்துவிடும். நம் வீட்டுச் சுவரில் ஊர்வது பெரியோய்க்கா என்ற பேரினம். கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கு உறவு. இதில் பெண்ணுக்கும் சிறகு உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

நேற்று பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில், குளியலறைச் சுவரில் இருந்த ஒன்றைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் நீளம், தட்டை, நடுவில் அகன்று இரு முனையும் குறுகியது. "குவாச்சி நடக்குது" என்றாள் அண்ணன் மகள். குவாச்சி என்றால் இங்கே கொறிக்கும் விதை. அப்படியே பூசணி விதைதான்! மணலும் தூசியும் நூல் துணுக்கும் பட்டிழையில் ஒட்டியிருந்தன. ஒரு முனையில் பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் காலும் வெளியே வந்து உறையை இழுத்துக்கொண்டு போயின. ஈர்க்குச்சியால் தொட்டேன், உள்ளே போய்விட்டது. சற்று நேரத்தில் மறுமுனையில் தலை நீட்டியது. உறைக்குள்ளேயே திரும்பிக்கொள்கிறது! ஒட்டடை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி இவைதான் சாப்பாடு. காற்றில் ஈரம் வேண்டும், அதனால் பினாங்கில் இதற்குக் குறைவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'கூடு' என்று தொடங்கினால் கூட்டுப்புழுவோடு மோதும். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் அதை வேறு பருவத்துக்குப் படிக்கிறார்கள். அதனால் உறைப்புழு. 'ப்' கட்டாயம் வேண்டும், உறையை உடைய புழு அல்லவா. 'உறைபுழு' என்று எழுதினால் உறைபனி போல வினைத்தொகையாகி, குளிரில் உறைந்த புழுவாகிவிடும். வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: "உறைப்புழு தன் உறைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது." இடிக்கவில்லை.

வளர்ந்த பூச்சிக்குத்தான் தடுமாறுகிறேன். சாம்பல் நிறம், முன்சிறகில் கரும்புள்ளிகள், சிறகை விரித்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். 'உறையந்து' என்றால் 'உறைந்து' என்பதன் அச்சுப்பிழை போலத் தெரிகிறது. இப்போதைக்கு 'உறையந்துப்பூச்சி' என்று குறித்து வைத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஏதாவது பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.