அனுலோபிளாஸ்டி: வளையமா, பூணா?

> அனுலஸ் = வளையம்; அனுலோபிளாஸ்டி = வளையச் சீரமைப்பு. நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இதயத்தின் இடப்பக்கத்து ஈரிதழ் வால்வின் (மைட்ரல்) இதழ்கள் பற்றியிருக்கும் நார்த்திசு விளிம்புதான் அனுலஸ். அது உடம்போடு பிறந்தது. வால்வு ஒழுகினால் அதன்மேல் வைத்துத் தைப்பது துணி சுற்றிய ஒரு செயற்கைச் சாதனம். வார்டில் அதை 'ரிங்' என்பார்கள். இரண்டுக்கும் 'வளையம்' என்றே போட்டால் "வளையம் விரிந்தது", "வளையம் பிய்ந்தது" என்பவற்றை எப்படிப் பிரித்தறிவது? முன்னது நோய். பின்னது அறுவைக்குப் பின் தையல் விட்டுப்போனது. மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம்.

செய்முறையைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும். இடது ஏட்ரியத்தை (இதயத்தின் மேலறை) திறந்து, விளிம்பைச் சுற்றி 2-0 பருமனுள்ள பாலியெஸ்டர் நூலால் 12 முதல் 15 தையல் போடுவார்கள். பின்பக்கம் ஊசி ஆழமாகப் போனால் இதயத்துக்கே இரத்தம் தரும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி மாட்டிக்கொள்ளும். முன்னிதழை அளவுகருவியால் அளந்து 28, 30, 32 மி.மீ. என்று ரிங்கைத் தேர்ந்து, தையல்களை அதன் துணியில் வாங்கி, இறக்கி முடிச்சிடுவார்கள். பிறகு இடது வென்ட்ரிக்கிளில் (கீழறை) உப்புநீரைப் பீய்ச்சி, இதழ்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பின்னிதழ் உயரமாக இருந்து ரிங்கும் சிறியதாகிவிட்டால், முன்னிதழ் பெருந்தமனிக்குப் போகும் வழியில் தள்ளப்பட்டு அடைத்துக்கொள்ளும். இது உப்புநீரில் தெரியாது. இதயம் துடிக்கத் தொடங்கியதும் உணவுக்குழாய் வழி எடுக்கும் எக்கோ எனும் மீயொலிப் படத்தில்தான் தெரியும்.

ரிங்கின் வேலை சுருக்குவது மட்டுமல்ல. பிரெஞ்சு இதய அறுவை மருத்துவர் அலென் கார்ப்பான்தியே 1960களின் இறுதியில் அதைக் கொண்டுவந்தபோதே, வால்வு வாய்க்கு அதன் பழைய வடிவத்தை மீட்டுத் தருவதுதான் நோக்கம்: முன்பின் அகலமும் குறுக்ககலமும் ஏறத்தாழ 3:4. வடிவம் குலையாமல் பிடித்து நிறுத்தும் இப்படியொன்றுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பூண். உலக்கைப் பூண் மரத்தைப் பிளக்கவிடாமல் பிடிப்பது போல.

என் பரிந்துரை: அனுலஸ் = வாய்விளிம்பு; ரிங் = பூண்; அனுலோபிளாஸ்டி = பூணிடல்.

*

பூண் அருமை. வாய்விளிம்பும் சரி, பானையின் வாய்விளிம்பு யாருக்கும் புரியும். ஆனால் பூணிடல் மொத்தத்துக்கும் பெயராகாது. இதயத்தின் வலப்பக்கத்து மூவிதழ் வால்வில், டி வேகா என்ற அறுவை மருத்துவரின் முறையில் (1972) ரிங்கே கிடையாது. ஒரே நூலை வாய்விளிம்பில் இரண்டு வரிசையாக ஓட்டி, சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல் இழுத்து முடிச்சிடுகிறார்கள். இடைச்சுவர்ப் பக்கத்தை மட்டும் தொடமாட்டார்கள். அங்கே மின்தூண்டல் கடத்தும் கற்றை ஓடுகிறது. நாளடைவில் நூல் திசுவை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடுவது இம்முறையின் குறை. விளிம்பைத் தாங்கிப் பிடிக்கப் பூண் இல்லையே. இதுவும் அனுலோபிளாஸ்டிதான்.

ஆகவே தாய்ச்சொல்லாக 'வாய்விளிம்புச் சீரமைப்பு' இருக்கட்டும். அதன்கீழ் பூணிடல், சுருக்குத்தையல் இரண்டும் வரட்டும்.

பின்பக்கம் மட்டும் தைக்கும் திறந்த பட்டையையும் விடக்கூடாது. ஈரிதழ் வால்வில் பெரும்பாலும் விரிவது பின்பக்கம்தான் என்பதால் அதுவும் வழக்கில் நிறைய உண்டு. முழுவட்டம் இல்லாததை வளையம் என்பது எப்படியும் பொருந்தாது. அரைப்பூண் என்று பதியலாமா?